ஆறு டிக்கெட் வரம்பும் 49 கணக்குகளும்: அமெரிக்காவின் பாட்ஸ் சட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

2023 மார்ச்சில் லாஸ் வேகாஸ் அலிஜியன்ட் ஸ்டேடியத்தில் டெய்லர் ஸ்விஃப்ட்டின் கச்சேரி நடந்தது. ஒருவர் அதிகபட்சம் ஆறு டிக்கெட்தான் வாங்கலாம் என்று டிக்கெட் விற்கும் தளமான டிக்கெட்மாஸ்டர் அறிவித்திருந்தது. பால்டிமோரைச் சேர்ந்த கீ இன்வெஸ்ட்மென்ட் குரூப் என்ற மறுவிற்பனை நிறுவனம் ஒரே ஒரு கச்சேரிக்கு 273 டிக்கெட்டுகளை அள்ளிக்கொண்டது என்று அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2025 ஆகஸ்டில் வழக்குப் போட்டது. வாங்கப் பயன்பட்ட கணக்குகள் 49 என்கிறது புகார் மனு. 273-ஐ 49-ஆல் வகுத்தால் கணக்குக்கு ஐந்தரை டிக்கெட் வருகிறது. சராசரிக் கணக்கு வரம்புக்கு உள்ளேயே இருந்திருக்கிறது. கணக்கு வாரியாக எண்ணிப் பார்க்கும் கணினிக்கு இதில் தவறாக எதுவும் தெரிந்திருக்காது.

இந்த ஆய்வு அந்த ஐந்தரையைப் பற்றியது. டிக்கெட்டை மொத்தமாக அள்ளுவதைத் தடுக்க அமெரிக்கா 2016-லேயே பாட்ஸ் (BOTS, ‘பாட்’ என்றால் தானியங்கி மென்பொருள்) என்ற தனிச் சட்டம் போட்டுவிட்டது. அப்படியிருந்தும் ஆறு வருடம் கழித்து இவ்வளவு எளிதாக அள்ள முடிந்தது ஏன்? மென்பொருள் சட்டத்தை முந்திவிட்டது என்பது வழக்கமான பதில். ஆவணங்களைப் படித்தால் வேறு காரணம் கிடைக்கிறது. சட்டம் வரிசையை உடைப்பவனைக் குற்றவாளி ஆக்கியது. வரிசையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் மேல் எந்தக் கடமையையும் வைக்கவில்லை.

சட்டத்துக்கு முன்

வைஸ்கை டிக்கெட்ஸ் என்ற கும்பல் மீது 2010-ல் நியூ ஜெர்சியில் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆனது. டிக்கெட் தளங்களின் கேப்சாவை (வாங்குவது மனிதர்தானா என்று சோதிக்கும் புதிரை) தானே தீர்க்கும் மென்பொருளை எழுதவைத்து, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட டிக்கெட்டுகளை வாங்கி, இரண்டரைக் கோடி டாலருக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் இவர்கள். டிக்கெட்டுக்கென்று தனிச் சட்டம் இல்லாததால் கணினி மோசடிச் சட்டத்தையும் தகவல்தொடர்பு மோசடிப் பிரிவுகளையும் வைத்தே வழக்கை நடத்த வேண்டியிருந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களுக்குக் கிடைத்தது நன்னடத்தைக் காவலும் சமூக சேவையும்தான்.

அடுத்து வந்தது 2016 ஜனவரியில் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் வெளியிட்ட விசாரணை அறிக்கை. அதில் பரவலாகப் பேசப்பட்ட எண் 1,012. மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடக்கவிருந்த யூ2 இசைக்குழுவின் கச்சேரிக்கு ஒரே புரோக்கரின் (டிக்கெட் மறுவிற்பனையாளரின்) மென்பொருள் 2014 டிசம்பரில் ஒரு நிமிடத்துக்குள் வாங்கிய டிக்கெட்டுகள் அவ்வளவு. அன்றைய வரம்பு ஆளுக்கு நான்கு.

பேசப்படாமல் போன எண் அதைவிட முக்கியமானது. பெரிய நிகழ்ச்சிகளில் சராசரியாக 54 சதவீத டிக்கெட்டுகள் பொது விற்பனைக்கே வருவதில்லை. 16 சதவீதம் கலைஞர், அரங்கம், நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் வகையறாவுக்கு ஒதுங்குகிறது. 38 சதவீதம் கிரெடிட் கார்டு வைத்திருப்போர், ரசிகர் மன்றத்தார் ஆகியோருக்கான முன்விற்பனையில் போகிறது. காலை பத்து மணிக்குக் கணினி முன் உட்காரும் சாதாரண ரசிகர் மீதி 46 சதவீதத்துக்குத்தான் போட்டி போடுகிறார். புரோக்கரின் மென்பொருளும் அதே 46-ல் கை வைக்கிறது. எதிரி மென்பொருள் மட்டுமே என்று நம்பிவிட்டால் இந்த ஒதுக்கீடு கண்ணில் படாமலே போய்விடும்.

அதே 2016 டிசம்பர் 14 அன்று அதிபர் ஒபாமா பாட்ஸ் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

சட்டத்தின் உறுப்புகள்

சட்டம் சில பக்கங்கள்தான். தடை இரண்டு. ஒன்று, இணையத்தில் டிக்கெட் விற்பவர் தன் வாங்கும் வரம்பையோ வரிசை விதியையோ காக்க வைத்திருக்கும் பாதுகாப்பு ஏற்பாட்டைச் சுற்றிக்கொண்டு போவது. இரண்டு, அப்படி வாங்கிய டிக்கெட்டை விற்பது. விற்பவர் அந்தச் சுற்றுவழியில் நேரடியாகப் பங்கெடுத்திருக்க வேண்டும், அல்லது அப்படி வாங்கியது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையில் அவர் இருந்திருக்க வேண்டும்.

வழக்கு நிற்குமா விழுமா என்பதைச் சில நிபந்தனைகள் தீர்மானிக்கின்றன. அரங்கின் கொள்ளளவு 200 பேருக்கு மேல் இருக்க வேண்டும். நிகழ்ச்சி பொதுமக்களுக்குத் திறந்ததாகவும், மாநில எல்லை தாண்டி விளம்பரமோ விற்பனையோ உடையதாகவும் இருக்க வேண்டும். வரம்பு வெளிப்படையாக அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். விற்பவர் மனதுக்குள் வைத்திருக்கும் வரம்பு செல்லாது. அந்த வரம்பைக் காக்க ஏதாவது ஒரு தொழில்நுட்ப ஏற்பாடும் இருக்க வேண்டும். ‘ஒருவருக்கு ஆறு’ என்று பக்கத்தில் எழுதிவைத்துவிட்டு அதை எதுவும் சரிபார்க்காத தளத்தில் நூறு டிக்கெட் வாங்கியவர் மீது இந்தச் சட்டத்தில் வழக்கு நடத்துவது கடினம். சுற்றிப்போக அங்கே வேலியே இல்லை.

அமல்படுத்தும் உரிமை வர்த்தக ஆணையத்துக்கும் மாநில அட்டர்னி ஜெனரல்களுக்கும் உண்டு. டிக்கெட் கிடைக்காத ரசிகர் தானே வழக்குப் போட வழியில்லை. 2025 கணக்குப்படி ஒரு மீறலுக்கு அதிகபட்ச அபராதம் 53,088 டாலர். காகிதத்தில் கடுமையான தொகைதான்.

வரம்பு எப்படி உடைகிறது

‘ஒரு ஆள்’ என்பதை எந்த டிக்கெட் தளமும் நேரடியாக அறிவதில்லை. சில அடையாளங்களை வைத்து ஊகிக்கிறது: மின்னஞ்சலோடு திறந்த கணக்கு, பணம் கட்டும் கார்டு, கார்டின் பில் முகவரி, கைபேசி எண், ஐபி முகவரி, உலாவியின் தடயங்கள். இவற்றில் ஒவ்வொன்றையும் தனித்தனியே பெருக்க முடியும் என்பதுதான் புரோக்கர் தொழிலின் அஸ்திவாரம்.

கணக்குகளை உறவினர், ஊழியர், இல்லாத ஆட்கள் பெயரில் திறப்பார்கள், அல்லது திறந்த கணக்கை விலைக்கு வாங்குவார்கள். புதிதாகத் திறந்த கணக்கைவிட நான்கைந்து தடவை ஏதாவது வாங்கிப் பழகிய கணக்குக்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் தளத்தின் சந்தேக மதிப்பெண் அதற்குக் குறைவாக விழும். கார்டுக்கு மெய்நிகர் எண்கள் இருக்கின்றன: ஒரே கடன் கணக்கின் கீழ் வேண்டிய அளவு எண்களை உருவாக்கலாம். ஐபி முகவரிக்கு வீட்டு இணைய இணைப்புகள் வழியாகத் திருப்பிவிடும் இடைவழிச் சேவைகளை வாடகைக்கு எடுப்பார்கள். கைபேசிக்கு ஓடிபி அனுப்பிச் சரிபார்க்கும் முறை வந்ததும் சிம் பெட்டி வந்தது. நூற்றுக்கணக்கான சிம் கார்டுகளைச் செருகி, எல்லா எண்களுக்கும் வரும் குறுஞ்செய்திகளை ஒரே திரையில் காட்டும் கருவி அது.

வரிசையும் இதே வழியில்தான் உடைகிறது. விற்பனை திறக்கும் முன் காத்திருப்பு அறையில் இருக்கும் எல்லோருக்கும் பெரும்பாலான தளங்கள் குலுக்கல் முறையில் இடம் கொடுக்கின்றன. முந்திவந்தவருக்கு இதில் லாபம் இல்லை என்பதால் நியாயமான முறை என்று தோன்றும். ஆனால் ஐந்நூறு அமர்வுகளோடு உட்கார்ந்திருப்பவர் கையில் ஐந்நூறு சீட்டு இருக்கிறது, ரசிகர் கையில் ஒன்று. அந்த ஐந்நூறில் பத்து முன்னால் வந்தால் போதும். இதற்கு அதிவேக மென்பொருள்கூடத் தேவையில்லை. கூலிக்கு ஆள் வைத்து, சாதாரண உலாவியில், கையால் சொடுக்கியே செய்துவிடலாம். பின்னால் நீதிமன்றத்துக்குப் போன சண்டையின் வித்து இதுதான்.

ரசிகர்களை அதிகம் குழப்பும் இன்னொரு உத்தி உண்டு. கூடையில் சேர்த்த டிக்கெட்டைப் பணம் கட்டும்வரை தளம் சில நிமிடங்கள் ஒதுக்கிவைக்கும். மென்பொருள் பணம் கட்டாமல் கூடையில் வைத்திருந்து, நேரம் முடிந்ததும் விட்டு, உடனே மீண்டும் பிடிக்கும். திரையில் எல்லாம் விற்றுத்தீர்ந்ததுபோலத் தெரியும். மறுவிற்பனைத் தளத்தில் ஆள் கிடைத்த பிறகே புரோக்கர் பணம் கட்டுவார். முதல் போடாமல் சரக்கைப் பிடித்துவைக்கும் வேலை இது. கூடைக் காலத்தைக் குறைத்தால் இது தளரும். ஆனால் கார்டு விவரத்தை மெதுவாகத் தட்டும் முதியவரும் அதில் அடிபடுவார்.

முதல் வழக்கு: நான்கு வருடம் கழித்து

சட்டம் வந்து நான்கு வருடத்துக்கு மேல் ஆன பிறகு, 2021 ஜனவரியில்தான் ஆணையம் முதல் நடவடிக்கையை அறிவித்தது. நியூயார்க்கைச் சேர்ந்த மூன்று புரோக்கர் நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான டிக்கெட்மாஸ்டர் கணக்குகள், நூற்றுக்கணக்கான கார்டுகள், மறைத்த ஐபி முகவரிகள், கேப்சாவைத் தாண்டும் மென்பொருள் ஆகியவற்றோடு 1,50,000-க்கும் மேற்பட்ட டிக்கெட்டுகளை வாங்கியிருந்தன. விதித்த அபராதம் மொத்தம் 3.1 கோடி டாலருக்கு மேல். கட்ட வசதியில்லை என்பதால் பெரும்பகுதி நிறுத்திவைக்கப்பட்டு 37 லட்சம் டாலர் கட்டச் சொன்னார்கள்.

டிக்கெட் கணக்கில் இதைப் பார்க்க வேண்டும். விதித்தது டிக்கெட்டுக்குச் சுமார் 207 டாலர். கட்டியது சுமார் 25 டாலர். பிடிபடும் வாய்ப்பு இவ்வளவு அரிதாக இருக்கும்போது, டிக்கெட்டுக்கு 25 டாலர் என்பது தொழில் நடத்தும் செலவுகளில் ஒன்றாகத்தான் கணக்கில் ஏறும். அபராதத்தோடு டிக்கெட் வாங்கும் தொழிலுக்கே நீண்ட காலத் தடை விதித்திருந்தால் பாடம் வேறாக இருந்திருக்கும் என்பது எங்கள் கருத்து.

2022 நவம்பர் 15

டெய்லர் ஸ்விஃப்ட்டின் ஈராஸ் சுற்றுப்பயணத்துக்கு டிக்கெட்மாஸ்டர் ‘சரிபார்த்த ரசிகர்’ முறையில் முன்விற்பனை நடத்தியது. 35 லட்சம் பேர் பதிவு செய்தார்கள். சுமார் 15 லட்சம் பேருக்குக் குறியீடு போனது, மற்றவர்கள் காத்திருப்புப் பட்டியலில். விற்பனை தொடங்கியதும் தளத்துக்கு வந்த கோரிக்கைகள் மொத்தம் 350 கோடி என்றும், முந்தைய உச்சத்தைப் போல நான்கு மடங்கு என்றும் நிறுவனமே சொன்னது. குறியீட்டைச் சரிபார்க்கும் சர்வர்களையே மென்பொருள்கள் தாக்கியதால் விற்பனையை மெதுவாக்க வேண்டிவந்தது. அன்று ஒரே நாளில் 20 லட்சத்துக்கும் மேல் டிக்கெட்டுகள் விற்றன. 18-ஆம் தேதி நடக்கவிருந்த பொது விற்பனை, முந்தைய நாள் ரத்தானது.

2023 ஜனவரி 24 அன்று செனட் நீதிக் குழு விசாரித்தபோது, டிக்கெட்மாஸ்டரின் தாய் நிறுவனமான லைவ் நேஷனின் தலைவர் ஜோ பெர்ச்டோல்ட் தாக்குதலையே காரணமாகச் சொன்னார். பாதிக்கப்பட்டவர் நாங்கள் என்பது அவர் நிலை. தாக்குதல் நடந்தது உண்மைதான். ஆனால் 2016 சட்டப்படி தாக்குதலுக்கு ஆளாகும் நிறுவனம் அதை ஆணையத்துக்குத் தெரிவிக்கும் கட்டாயம் இல்லை. ஆணையத்துக்கு டிக்கெட் தளத்தின் உள்பதிவுகள் இல்லாமல் எந்த வழக்கும் இல்லை. எந்தக் கணக்கு எந்தக் கார்டோடு, எந்த ஐபியில், எந்த நொடியில் எத்தனை டிக்கெட் வாங்கியது என்பதைப் பார்க்கக்கூடிய ஒரே இடம் விற்பவரின் சர்வர். முதல் வழக்குக்கு நான்கு வருடம் ஆனதற்கும், அதற்குப் பின் நீண்ட அமைதி நிலவியதற்கும் விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

இந்த ஓட்டையை மூட செனட்டர்கள் மார்ஷா பிளாக்பர்னும் பென் ரே லுஹானும் 2023-ல் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். வெற்றி பெற்ற தாக்குதல்களை டிக்கெட் தளங்கள் ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

கீ இன்வெஸ்ட்மென்ட் வழக்கு

2025 மார்ச் 31 அன்று அதிபர் டிரம்ப் பாட்ஸ் சட்டத்தைக் கடுமையாக அமல்படுத்தச் சொல்லி உத்தரவிட்டார். ஆகஸ்டில் வந்த வழக்கின் அளவு முந்தையதைவிடப் பெரியது. புகார் மனுவின்படி 2022 நவம்பர் முதல் 2023 டிசம்பர் வரை நிறுவனம் வாங்கிய டிக்கெட்டுகள் 3,79,776. செலவு சுமார் 5.7 கோடி டாலர். அவற்றில் ஒரு பகுதியை மட்டும் விற்றே சுமார் 6.4 கோடி வந்தது. ஈராஸ் பயணத்தில் மட்டும் 38 கச்சேரிகளுக்கு 2,280 டிக்கெட்டுகள். வாங்கியது சுமார் 7.45 லட்சம் டாலருக்கு, விற்றது சுமார் 19.6 லட்சத்துக்கு. சராசரியாக 327 டாலர் டிக்கெட் 860 டாலருக்குப் போயிருக்கிறது. இடையில் இருக்கும் 530-சொச்சம் டாலரில் கலைஞருக்கோ அரங்கத்துக்கோ பங்கில்லை.

நிறுவனத்தின் எதிர்வாதம் கவனிக்க வேண்டியது. தாங்கள் தானியங்கி மென்பொருள் எதையும் பயன்படுத்தவில்லை, சாதாரண உலாவியில் மனிதர்களே வாங்கினார்கள், எனவே பாட்ஸ் சட்டம் தங்களுக்குப் பொருந்தாது என்கிறார்கள். ஆணையம் சட்டத்தின் தலைப்பை விட்டுவிட்டு உள்ளடக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. தடைப் பிரிவு மென்பொருளைப் பற்றிப் பேசவில்லை, பாதுகாப்பு ஏற்பாட்டைச் சுற்றிப்போவதைப் பற்றியே பேசுகிறது. பொய்க் கணக்கு, பொய் எண், மறைத்த முகவரி ஆகிய மூன்றும் சுற்றிப்போவதுதான், கையால் செய்தாலும் கருவியால் செய்தாலும். எங்கள் பார்வையில் ஆணையத்தின் வாசிப்பே சரி. மறுபக்க வாசிப்பை ஏற்றால், கூலிக்கு நூறு பேரை உட்காரவைக்கும் எவரும் சட்டத்துக்கு வெளியே போய்விடுவார்.

வாசலில் நிற்பவரின் வருமானம்

ஒரு மாதம் கழித்து, 2025 செப்டம்பர் 18 அன்று, ஆணையமும் ஏழு மாநிலங்களும் லைவ் நேஷன் மீதும் டிக்கெட்மாஸ்டர் மீதுமே வழக்குப் போட்டன. இந்த ஆய்வின் நடு இழை இங்கே வந்து முடிச்சுப் போடுகிறது. கீழே வருபவை புகார் மனுவின் குற்றச்சாட்டுகள். நிறுவனம் இவற்றை மறுக்கிறது.

நிறுவனத்தின் உள் ஆய்வு ஒன்றில் ஐந்து புரோக்கர்கள் மட்டும் 6,345 கணக்குகளைக் கையில் வைத்து 2,594 நிகழ்ச்சிகளுக்கு 2,46,407 டிக்கெட்டுகள் பிடித்திருந்தது தெரிந்தது. நிகழ்ச்சிக்குச் சராசரி 95 டிக்கெட். வெளியே இருக்கும் எந்தப் புலனாய்வாளராலும் போட முடியாத கணக்கு இது, உள்ளே இருப்பவருக்கோ ஒரு மேசை வேலை. மறுவிற்பனைக்காரர்கள் பல கணக்குகளின் சரக்கை ஒரே இடத்தில் நிர்வகிக்க டிரேட்டெஸ்க் என்ற மென்பொருளை டிக்கெட்மாஸ்டரே கொடுத்திருந்தது. வெளியாரின் அடையாளச் சரிபார்ப்புத் தொழில்நுட்பத்தை ஏற்க மறுத்ததற்கு, அது அளவுக்கு மீறி நன்றாக வேலை செய்யும் என்பதும் காரணமாக இருந்தது என்கிறது மனு.

பணம் வரும் வழியைப் பார்த்தால் இதற்குக் காரணம் தெரியும். முதல் விற்பனையில் வாங்குபவரிடம் கட்டணம். அதே டிக்கெட் அதே நிறுவனத்தின் மறுவிற்பனைப் பக்கத்துக்கு வந்தால் விற்கும் புரோக்கரிடம் கட்டணம், வாங்கும் ரசிகரிடம் இன்னொரு கட்டணம். ஒரே இருக்கையில் மூன்று வசூல். 2019 முதல் 2024 வரை மறுவிற்பனைக் கட்டணமாக மட்டும் 370 கோடி டாலர் வந்தது என்கிறது ஆணையம். புரோக்கரைத் துரத்தினால் இந்த வருமானத்தில் இரண்டு வசூல் போய்விடும். வரிசையைக் காக்கிறவருக்கு வரிசை உடைவதால் வருமானம் வருகிறது என்றால், காவலை அவர் நல்லெண்ணத்தில் விட்டுவைக்க முடியாது.

அந்த வழக்கு வந்த அடுத்த மாதமே டிக்கெட்மாஸ்டர், ஒரு புரோக்கர் பல கணக்குகள் வைத்திருப்பதைத் தடைசெய்வதாகவும் கச்சேரி டிக்கெட்டுகளுக்கான டிரேட்டெஸ்க் வசதியை நிறுத்துவதாகவும் அறிவித்தது. தொழில்நுட்பத்தால் முடியாது என்று நினைத்திருந்தவர்கள் இந்த வேகத்தைக் கவனிக்க வேண்டும்.

கட்டணத்தைக் கடைசித் திரைவரை மறைக்கும் பழக்கத்துக்கு 2025 மே 12 முதல் நடைமுறையில் உள்ள ஆணையத்தின் விதி முடிவு கட்டியது. முழு விலையை முதலிலேயே காட்ட வேண்டும். நல்ல விதி, ஆனால் விலையைக் குறைக்கும் விதி அல்ல.

வேறு வழிகள்

வரம்பைக் காப்பதை விட்டுவிட்டு லாபத்தையே மூடிய நாடுகள் உண்டு. அயர்லாந்தின் 2021 சட்டம், குறிப்பிட்ட அரங்குகள், நிகழ்ச்சிகளுக்கான டிக்கெட்டை அச்சிட்ட விலைக்கு மேல் விற்பதையே குற்றமாக்கியது. ஜப்பானில் 2019 ஜூன் முதல் அனுமதியின்றி கூடுதல் விலைக்குத் தொழிலாக விற்றால் ஓராண்டு வரை சிறையோ பத்து லட்சம் யென் வரை அபராதமோ, இரண்டுமோ. பிரிட்டன் அரசு 2025 நவம்பரில் அசல் விலைக்கு மேல் மறுவிற்பனையைத் தடைசெய்யப்போவதாக அறிவித்தது. கனடாவின் ஒன்டாரியோ 2017-ல் 50 சதவீத உச்சவரம்பைச் சட்டமாக்கியும், அடுத்து வந்த அரசு அதை அமலுக்குக் கொண்டுவராமலே கைவிட்டது. விலை உச்சவரம்பு போட்டால் விற்பனை கணக்கில் வராத தனிப்பட்ட பரிமாற்றங்களுக்கு நகரும் என்ற எதிர்வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் தனிப்பட்ட பரிமாற்றத்தில் மூன்றே முக்கால் லட்சம் டிக்கெட்டுகளை ஒரு நிறுவனம் விற்றுத் தள்ள முடியாது.

பெயர் அச்சிட்டு அடையாள அட்டையோடு உள்ளே விடுவது அடிக்கடி வரும் யோசனை. 60,000 பேர் வரும் அரங்கில் ஒருவருக்குப் பத்து நொடி கூடினால் மொத்தம் 166 மணி நேரம் கூடுகிறது. ஐம்பது வாசல் இருந்தாலும் வாசலுக்கு மூன்று மணிக்கு மேல். எல்லா இருக்கைக்கும் இதைச் செய்வதைவிட, வாங்கும் கட்டத்தில் அடையாளத்தைச் சரிபார்த்து, ஒரே ஆளின் கணக்குகளை இணைத்து எண்ணுவது மலிவு.

இந்தியாவில் கோல்ட்ப்ளே கச்சேரி டிக்கெட் விவகாரத்தில் பொதுநல வழக்கு வந்தபோது, இது சட்டம் இயற்றுவோர் தீர்க்க வேண்டியது என்று சொல்லி மும்பை உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் தள்ளுபடி செய்தது. எந்த மாநிலமாவது எழுத உட்கார்ந்தால், அமெரிக்கச் சட்டத்தைப் பெயர்த்துப் போடுவதற்கு முன் நான்கு பிரிவுகளைச் சேர்க்க வேண்டும். வரம்பு கணக்குக்கு அல்ல, ஆளுக்கு என்று எழுத வேண்டும். பொது விற்பனைக்கு எத்தனை டிக்கெட் வருகிறது என்பதை விற்பனைக்கு முன்பே விற்பவர் வெளியிட வேண்டும். வாங்கிய பதிவுகளைக் குறைந்தது மூன்று வருடம் வைத்திருந்து, வரம்பு மீறல் தெரிந்த 30 நாளுக்குள் ஒழுங்குமுறை அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். முதல் விற்பனையும் மறுவிற்பனையும் ஒரே கையில் இருந்தால், அசல் விலைக்கு மேலான மறுவிற்பனையில் அந்தக் கை ஒரு ரூபாய்கூடக் கட்டணம் எடுக்கக் கூடாது. நான்கில் ஒன்றுக்குத்தான் இடம் இருக்கிறது என்றால் கடைசிப் பிரிவை வைத்துக்கொள்ளலாம்.